ஒரே சம்பளம், இரண்டு நிலைமை

கேள்வி இது: "நானும் என் நண்பனும் ஏறக்குறைய ஒரே சம்பளம் வாங்குகிறோம். குடும்பப் பொறுப்பிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அவனிடம் ஓரளவு சேமிப்பு இருக்கிறது. நான் மாதக் கடைசியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். பணத்தைப் பற்றி மனதில் ஊறிப்போன நம்பிக்கைதான் காரணம், அதை மாற்றினால் பணம் தானாக வரும் என்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை?"

முதல் பாதி பெரும்பாலும் உண்மை. இரண்டாம் பாதி, கண்ணாடி முன் நின்று 'நான் பணக்காரன்' என்று தினமும் சொல்லச் சொல்கிறவர்களின் பிழைப்பு. நம்பிக்கை பணத்தை இழுத்துக்கொண்டு வராது. அது செய்கிற வேலை அதைவிடச் சின்னது. ஆனால் ஓயாமல் செய்யும். வங்கியிலிருந்து வந்த கடிதத்தைப் பிரிப்பதா, அப்புறம் பார்த்துக்கொள்வதா? சம்பள உயர்வு கேட்பதா, அவர்களாகத் தரட்டும் என்று இருப்பதா? ஜாமீன் கையெழுத்துக் கேட்டு வந்த உறவினரிடம் என்ன சொல்வது? நாம் யோசிக்கத் தொடங்கும் முன்பே இந்த இடங்களில் அது முடிவெடுத்துவிட்டிருக்கும். பத்து வருடத்தில் இப்படி ஆயிரம் சின்ன முடிவுகள் சேரும்போது, ஒரே சம்பளக்காரர்கள் இரண்டு பேர் எதிரெதிர்க் கரையில் நிற்பார்கள்.

கடனில் மாட்டியவர்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது பல வருடங்களாக என் வேலை. அதில் ஒருவரை மறக்கவே முடியாது. நல்ல வேலை, நல்ல வருமானம். ஒரு துணிப்பை நிறையக் கவர்களோடு வந்தார். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. ஒன்றை எடுத்துப் பிரியுங்கள் என்றேன். கவரின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தாரே தவிர, விரல் உள்ளே போகவில்லை. கடைசியில், "நீங்களே பிரிச்சிடுங்க சார்" என்று என் பக்கம் தள்ளினார். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வகை பிரித்தோம். மொத்தம் 31. அதில் 9 வெறும் விளம்பரம். பெரும்பாலானவை ஒரே கிரெடிட் கார்டின் மாதாந்திர ஸ்டேட்மெண்ட். மாதாமாதம் தாமதக் கட்டணம் ஏறியிருந்தது. ஒரு கவரில் மட்டும், "நீங்கள் கூடுதலாகக் கட்டிவிட்டீர்கள், இந்தத் தேதிக்குள் விண்ணப்பித்தால் திருப்பித் தருகிறோம்" என்று இருந்தது. தேதி தாண்டி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவருக்கு வரவேண்டிய பணம் அது! எல்லாம் கூட்டியபோது மொத்தக் கடன், அவர் பயந்துகொண்டிருந்த தொகையில் பாதிதான் வந்தது.

ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டதற்கு, அவர் யோசித்துச் சொன்ன பதில் இது: "சின்ன வயசில அப்பா தபால் கவரைப் பிரிச்சா, அன்னிக்கு ராத்திரி வீட்டில சண்டை. அந்தக் காகிதச் சத்தம் கேட்டாலே நான் மொட்டை மாடிக்குப் போயிடுவேன்." எட்டு வயதுப் பையனுக்கு மொட்டை மாடி சரியான முடிவு. அந்த வயதில் வேறென்ன செய்ய முடியும்? நாற்பத்து மூன்று வயதிலும் அவர் மாடியில்தான் இருந்தார், அவ்வளவுதான்.

இதை நான் விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பணத்தைப் பற்றிய நம்பிக்கை என்றவுடன் 'நான் சேமிக்கத் தகுதியில்லாதவன்' என்பது போன்ற பெரிய வாக்கியத்தைத் தேடுகிறோம். அது பெரும்பாலும் வாக்கியமாக இருப்பதில்லை. கை நின்றுபோகிற இடமாக இருக்கும். இன்னொன்று, அது முட்டாள்தனமாக முளைத்ததும் இல்லை. ஒரு காலத்தில், ஒரு வீட்டில், அதுதான் சரியான விடையாக இருந்திருக்கும். கேள்வி மாறிய பிறகும் விடை மாறாமல் இருப்பதுதான் தொல்லை.

பார்க்காமல் இருப்பது கடன்காரர்களின் வியாதி மட்டும் அல்ல. 2009-இல் கார்ல்சன், லோவென்ஸ்டைன், செப்பி என்ற மூன்று ஆய்வாளர்கள், முதலீட்டாளர்கள் தங்கள் கணக்கை எப்போது திறந்து பார்க்கிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். சந்தை ஏறும்போது அடிக்கடி பார்க்கிறார்கள். இறங்கினாலோ அசையாமல் கிடந்தாலோ பார்ப்பது குறைந்துவிடுகிறது. இதற்கு நெருப்புக்கோழி விளைவு என்று பெயர். (நெருப்புக்கோழி உண்மையில் மண்ணில் தலையைப் புதைப்பதில்லை, பாவம். பழி மட்டும் அதன் தலையில்.)

இந்த நம்பிக்கைகளை வகை பிரித்தவர்களில் முக்கியமானவர் பிராட் க்ளான்ட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர். 2011-இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் 422 பேரிடம் பணத்தைப் பற்றிய கூற்றுகளைக் கொடுத்து, எதை ஏற்கிறார்கள், எதை மறுக்கிறார்கள் என்று கேட்டார்கள். பதில்கள் நான்கு கொத்தாகச் சேர்ந்தன: பணத்தைக் கண்டு ஒதுங்குவது, பணத்தைக் கும்பிடுவது, பணத்தை அந்தஸ்தாகப் பார்ப்பது, பணத்துக்குக் காவல் இருப்பது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான்குக்கும் நம்மிடம் ஏற்கெனவே வசனம் இருக்கிறது. 'காசு வந்தா குணம் போயிடும்' முதல் வகை. 'பணம் பத்தும் செய்யும்' இரண்டாவது. 'ஆள் பாதி, ஆடை பாதி' மூன்றாவது. 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' நான்காவது. ஒரே வீட்டில், ஒரே வாயிலிருந்து, ஒரே நாளில்கூட நான்கையும் கேட்டு வளர்ந்திருப்போம். எது உள்ளே தங்கியது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

அந்த ஆய்வில் முதல் மூன்று வகையில் ஆழமாக இருந்தவர்களுக்கு வருமானமும் நிகர சொத்தும் குறைவாக இருந்தன. உடனே 'பார்த்தீர்களா, நம்பிக்கைதான் ஏழையாக்குகிறது' என்று முடிவுகட்டக் கூடாது. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதைத்தான் அது காட்டுகிறது. எது முன்னால், எது பின்னால் என்று காட்டவில்லை. எட்டாத திராட்சை புளிக்கும் என்பதுபோல, பணம் கிடைக்காதவர்கள்தான் பணம் கெட்டது என்று சொல்லத் தொடங்கினார்களோ என்னவோ. என் அனுபவத்தில் இரண்டு திசையிலும் ஓடுகிறது.

கும்பிடும் வகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியில் அதன் வாடை அடிக்கிறது. 'இன்னும் கொஞ்சம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்பதுதான் இதன் மந்திரம். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் இது எல்லாவற்றையும் தள்ளிப்போட வைக்கிறது. சம்பளம் ஏறட்டும், அப்புறம் சேமிக்கலாம். அடுத்த போனஸ் வரட்டும், அப்புறம் கடனைப் பார்க்கலாம். சம்பளம் ஏறும், கூடவே செலவும் ஏறும், 'கொஞ்சம்' மட்டும் இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்கும். அதற்காகப் பணத்துக்கும் நிம்மதிக்கும் சம்பந்தமே இல்லை என்று வேதாந்தம் பேசவும் வேண்டாம். வருமானம் ஓர் அளவைத் தாண்டினால் அன்றாட மகிழ்ச்சி அதற்கு மேல் கூடுவதில்லை என்று 2010-இல் கானமன், டீட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2021-இல் கில்லிங்ஸ்வொர்த் என்பவர், இல்லை, கூடிக்கொண்டேதான் போகிறது என்றார். 2023-இல் கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும் சேர்ந்தே உட்கார்ந்து தரவுகளை அலசியபோது, பெரும்பாலானவர்களுக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் கூடுகிறது என்றும், ஏற்கெனவே மிகவும் துயரத்தில் இருக்கும் சுமார் ஐந்தில் ஒரு பங்கினருக்கு மட்டும் ஓர் அளவுக்குப் பிறகு பணம் உதவுவதில்லை என்றும் தெரிந்தது. அந்தக் கடைசிக் கூட்டத்தாரின் கவலை பணத்தால் தீர்கிற கவலை அல்ல. ஆனால் அவர்களில் பலர் பணத்தால் தீரும் என்றே நம்பிக்கொண்டிருப்பார்கள்.

அந்தஸ்து வகையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்தவர் கண்ணுக்காக வாங்கிய பொருளுக்குத் தவணை கட்டும்போது அந்தக் கண்கள் பக்கத்தில் இருப்பதில்லை.

சரி, காவல் வகைக்கு வருவோம். அளந்து செலவு செய்வது, சேர்த்து வைப்பது, கடனை அண்டவிடாமல் இருப்பது எல்லாம் நல்ல பழக்கம்தானே? கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் ஆமாம். ஆனால் ஓர் அம்மா என்னிடம் வந்தார், ஓய்வு பெற்றவர். பத்து வருடம் வேலைக்கே போகாமல் வாழும் அளவுக்குச் சேமிப்பு. மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, அதில் நூல் சுற்றியிருந்தது. குனிந்து எழுதும்போதெல்லாம் கண்ணாடி நழுவும், இடது கையால் பிடித்துக்கொள்வார். ஏன் மாற்றவில்லை என்றேன். "இன்னும் தெரியுதே" என்றார். அவர் கேட்க வந்த கேள்வி, சேமிப்பு போதுமா என்பது. எந்த எண்ணைக் காட்டினாலும் அவருக்குப் போதாது.

செலவு செய்வது சிலருக்கு உண்மையாகவே வலிக்கிறது. 2007-இல் பிரையன் நட்சன் குழுவினர், பொருள்களை வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். விலை அதிகம் என்று தோன்றும்போது, வலி, அருவருப்பு போன்ற உணர்வுகளோடு தொடர்புள்ள இன்சுலா என்ற பகுதி கிளர்ந்தது. அடுத்த வருடம் ஸ்காட் ரிக்கும் அவர் உடன் ஆய்வாளர்களும் 13,000-க்கும் மேற்பட்டவர்களின் பதில்களை வைத்து, செலவழிக்க வலிப்பவர்கள், வலியே தெரியாமல் செலவழிப்பவர்களைவிட அதிகம், ஏறக்குறைய மூன்றுக்கு இரண்டு என்று கண்டார்கள். இந்த இரண்டு வகையினரும் ஒருவரையொருவர் தேடிப்பிடித்துக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள் என்பதும், பிறகு அதே காரணத்துக்காகச் சண்டை போடுகிறார்கள் என்பதும் ரிக் வேறு சிலரோடு சேர்ந்து செய்த இன்னோர் ஆய்வு. என் மேசைக்கு எதிரே உட்காரும் தம்பதிகளைப் பார்த்தவனுக்கு அது ஆய்வே தேவைப்படாத விஷயம்.

பண நலம் என்றால் வெறும் இருப்புத் தொகை இல்லை என்பதற்குத்தான் அந்த அம்மாவைச் சொன்னேன். அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2015-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தது. எனக்குத் தெரிந்து இதைவிடப் பயனுள்ள விளக்கம் இல்லை. அன்றாட, மாதாந்திர வரவு செலவு நம் பிடியில் இருக்கிறதா? திடீர்ச் செலவு வந்தால் தாங்க முடியுமா? போக வேண்டிய இடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறோமா? வாழ்க்கையை அனுபவிக்கிற மாதிரி முடிவெடுக்கும் சுதந்திரம் இருக்கிறதா? துணிப்பைக்காரருக்கு முதல் கேள்வியிலேயே அடி. அம்மாவுக்கு முதல் மூன்றிலும் முழு மதிப்பெண், நான்காவதில் பூஜ்யம். உங்கள் நண்பரைப் பற்றியும் நமக்குச் சேமிப்பு மட்டும்தான் தெரியும், மற்ற மூன்றும் தெரியாது.

நம்பிக்கை வீட்டிலிருந்து மட்டும் வருவதில்லை, காலத்திலிருந்தும் வருகிறது. மால்மெண்டியர், நேகல் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் வாழ்நாளில் பங்குச்சந்தை மோசமாக இருந்த காலத்தை அதிகம் பார்த்தவர்கள், பிற்பாடு பங்குகளில் பணம் போடத் தயங்குகிறார்கள், போட்டாலும் குறைவாகப் போடுகிறார்கள் என்று காட்டினார்கள். புள்ளிவிவரத்தைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, அடிபட்டுத் தெரிந்துகொள்வது வேறு. உங்கள் அப்பா 'நிலத்தைத் தவிர எதையும் நம்பாதே' என்றாலோ, 'வங்கியில் போட்டால்தான் பத்திரம்' என்றாலோ, அவர் வாலிப வயதில் எது மூழ்கியது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கதை இருக்கும்.

இன்னொரு நம்பிக்கையையும் இங்கே சொல்லிவிடுகிறேன், கண்ணுக்குத் தெரியாமல் காசைத் தின்பது இது: 'சேமிப்பைத் தொடக் கூடாது.' உதாரணத்துக்கு, சேமிப்புக் கணக்கில் 4 சதவீத வட்டிக்குப் பணம் கிடக்கும். அதே ஆள் கிரெடிட் கார்டில் 36 சதவீத வட்டிக்குக் கடன் வைத்திருப்பார். ஒவ்வொரு நூறுக்கும் வருடத்துக்கு 32 கைவிட்டுப் போகிறது. கூட்டல் கழித்தல் தெரியாதவர் இல்லை. ஆனால் அவர் மனதில் அவை ஒரே பணம் இல்லை, இரண்டு தனித்தனி டப்பா. உழைத்து வந்த பணம் ஒரு டப்பா, போனஸாக வந்தது இன்னொன்று, பிள்ளைக்கென்று ஒதுக்கியது மூன்றாவது. ரிச்சர்ட் தேலர் 1980-களில் இப்படி மனதுக்குள் பணத்தைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பதை 'மனக்கணக்கு' என்ற பெயரில் விளக்கி எழுதினார். 2017-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்ததில் இந்த ஆராய்ச்சிக்கும் பங்கு உண்டு. டப்பா பிரிப்பது எப்போதும் கெடுதல் இல்லை. நிறையப் பேரைக் காப்பாற்றுவதே அதுதான். கடன் இருக்கும்போது மட்டும் அது நமக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது.

இனி, இந்தப் பேச்சில் வழக்கமாக விடுபடுகிற பகுதி. வரவே போதாதவரிடம் போய் 'உன் மனநிலையை மாற்று' என்பது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது. 2013-இல் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நான்கு பேர் வெளியிட்ட ஓர் ஆய்வு இதில் முக்கியமானது. தமிழ்நாட்டில் 464 கரும்பு விவசாயிகளுக்கு, அறுவடைக்கு முன் கையில் காசில்லாத நேரத்தில் ஒருமுறையும், அறுவடைப் பணம் வந்த பிறகு ஒருமுறையும் அறிவுத்திறன் சோதனைகள் வைத்தார்கள். அதே ஆட்கள்தான். பணமுடை நேரத்தில் தெளிவாகக் குறைவாகச் செய்தார்கள். படிப்பு மாறவில்லை, புத்தி மாறவில்லை, நம்பிக்கையும் மாறியிருக்காது. பற்றாக்குறையே மூளையில் இடம் பிடித்துக்கொள்கிறது. ஆகவே ஒரு தாளில் வாடகை, மருந்து, கல்விக் கட்டணம், கட்டாயத் தவணை ஆகியவற்றை மட்டும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அதுவே சம்பளத்தைத் தாண்டினால் உங்கள் சிக்கல் நம்பிக்கையில் இல்லை. வரவைக் கூட்டவோ கடனை மறுசீரமைக்கவோ வேண்டும். மற்றது எல்லாம் பிறகு. தாண்டவில்லை, ஆனாலும் மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் மேலே படியுங்கள்.

நம்பிக்கையை எப்படி மாற்றுவது? நேராகப் போய் மாற்ற முடியாது என்பது என் முடிவு. விவரம் சொல்லிக்கொடுத்தால் மாறிவிடும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன், வட்டிக் கணக்கு வகுப்பெல்லாம் எடுத்தேன். எல்லாரும் தலையாட்டுவார்கள், மறுமாதம் அதே கதை. 2014-இல் 201 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை, பணத்தைக் கையாள்வதில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் வெறும் 0.1 சதவீதத்தைத்தான் நிதிக் கல்வி வகுப்புகளைக் கொண்டு விளக்க முடிகிறது என்றது. 2022-இல் வந்த இன்னொரு தொகுப்பு, 76 பரிசோதனைகளை வைத்து, அவ்வளவு மோசமில்லை, பலன் இருக்கிறது என்றது. இருக்கட்டும். ஆனால் தெரிவதற்கும் செய்வதற்கும் நடுவே உள்ள பள்ளத்தை வகுப்பு மட்டும் நிரப்புவதில்லை.

நிரப்புவது ஏற்பாடு. 2001-இல் மாட்ரியனும் ஷீயும் ஓர் அமெரிக்க நிறுவனத்தை ஆராய்ந்தார்கள். ஓய்வூதியச் சேமிப்பில் சேர வேண்டுமானால் படிவம் நிரப்பு என்று இருந்தபோது, புதிய ஊழியர்களில் 49 சதவீதம் பேர் சேர்ந்திருந்தார்கள். தானாகவே சேர்த்துவிடுகிறோம், வேண்டாமென்றால் விலகிக்கொள் என்று மாற்றியதும் 86 சதவீதம் ஆனது. யாருடைய குழந்தைப் பருவத்தையும் யாரும் கிளறவில்லை. தேலரும் பெனார்ட்சியும் 2004-இல் எழுதிய திட்டம் இன்னும் சுவாரசியமானது. இப்போது சேமி என்று சொல்லவில்லை. அடுத்த சம்பள உயர்விலிருந்து ஒரு பகுதியைச் சேமிக்க இன்றே சம்மதம் கொடு என்றார்கள். சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதத்தில் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதத்துக்கு ஏறியது. 'சம்பளம் ஏறட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்ற அதே பழைய நம்பிக்கையை எதிர்க்காமல், அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். கையில் வராத பணம் போனதாகத் தோன்றாதல்லவா?

துணிப்பைக்காரருக்கும் இதைத்தான் செய்தோம். 'இனி தைரியமாகப் பிரியுங்கள்' என்று நான் சொல்லவில்லை. கவர்கள் அவருடைய அக்கா வீட்டு முகவரிக்குப் போகும்படி மாற்றினோம். அக்கா பிரித்து, கட்ட வேண்டிய தொகையையும் தேதியையும் மட்டும் தம்பிக்குச் செய்தியாக அனுப்புவார். வேறு விசாரணை, அறிவுரை கிடையாது என்பது ஒப்பந்தம். (அக்காவுக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது.) கட்டணங்கள் சம்பளம் வந்த மறுநாளே ஆட்டோ டெபிட்டில் போகும்படி வைத்தோம். ஏழாவது மாதம் அக்கா வெளியூர் போயிருந்த சமயம், ஒரு கவரை அவரே பிரித்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "ஒண்ணும் ஆகலை சார்" என்றார், ஏதோ ஆகியிருக்க வேண்டும் என்பதுபோல.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 'என் நம்பிக்கை என்ன' என்று உட்கார்ந்து யோசிக்காதீர்கள். மனது அழகாக ஒரு பதிலைத் தயார்செய்து கொடுத்துவிடும். அதற்குப் பதில் இரண்டு வாரம் கையைக் கவனியுங்கள். எந்த ஆப்பைத் திறக்காமல் நகர்த்துகிறீர்கள்? எந்தச் செலவுக்கு விலைகூடக் கேட்பதில்லை? யார் கேட்டால் 'இல்லை' வாயில் வர மறுக்கிறது? எதை வீட்டில் சொல்லாமல் வாங்குகிறீர்கள்? தேதியோடு எழுதி வையுங்கள். பிறகு கூடப்பிறந்தவர் ஒருவரிடம், "நம் வீட்டில் பணம் என்றாலே உனக்கு முதலில் ஞாபகம் வருவது எது?" என்று கேளுங்கள். ஒரே வீட்டில் வளர்ந்து வேறொன்றை எடுத்துக்கொண்டவர் சொல்லும்போதுதான், நாம் எடுத்துக்கொண்டது நமக்குத் தெரியும்.

அப்புறம், அந்த நண்பரிடமும் ஒன்று கேளுங்கள். எவ்வளவு சேமிக்கிறாய் என்று கேட்க வேண்டாம், அது இருவருக்கும் சங்கடம். எந்தத் தேதியில் எடுத்துவைக்கிறாய் என்று கேளுங்கள். சம்பளம் வந்த மறுநாள் என்றால், அதே தேதியில் உங்கள் கணக்கிலிருந்தும் சம்பளத்தில் இருபதில் ஒரு பங்கு வேறு கணக்குக்குப் போகும்படி வங்கியில் ஒருமுறை சொல்லிவைத்துவிட்டு, அந்தக் கணக்கின் ஆப்பைப் போனில் ஏற்றாமல் விட்டுவிடுங்கள். மூன்று மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.